ஒரு சிவப்பு குறைந்த ரயில்

அங்கன்வாடிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டார்கள். எழுதுவதா என்று நான் மலைக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டு வருடத்தோடு நின்றுபோனது உண்மைதான். மிச்ச எழுத்தையெல்லாம் பால்வாடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். வரி ஏறும், இறங்கும். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. பிழை திருத்தித் தந்தது, அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர். ஓர் இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "இத எடுத்துரலாமாக்கா? எதுக்கு உங்களை நீங்களே..." என்றார். அதை எடுப்பதாக இருந்தால் மொத்தத்தையும் கிழித்துப் போடுங்கள் என்று சொன்னேன். எந்த இடம் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

இருபத்தெட்டு வருடம் ஆயா வேலை பார்த்தேன். மாவு கிண்டுவது, எடை போடுவது, பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பால்வாடி காளவாசலைத் தாண்டி மேற்கே, செங்கல் சூளைக்குப் போகும் வண்டிப்பாதை ஓரத்தில் இருந்தது. முன்பு நெல் மூட்டை அடுக்கிய கட்டடம். ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரே ஒரு பெரிய அறை. எண்பது பிறக்க இன்னும் சில வருடம் இருந்தது. சூளையில் கல் சுமக்கிற பெண்களும் வயல் வேலைக்குப் போகிற பெண்களும் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கும் ஐந்து வயது நிறையவில்லை.

டீச்சருக்குச் சிம்மக்கல். டவுன் பஸ் ஏறி வருவார். என்னைவிட எட்டு வயது இளையவர். சத்தமாகப் பேசத் தெரியாது. வந்த முதல் வாரமே ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு எண் என்பது வெறும் பாட்டு. ஒன்று முதல் பத்து வரை ராகம் போட்டுச் சொல்வார்கள். மூன்று கல் கொண்டு வா என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள். பாண்டி என்று ஒரு பையன். அவனுக்கு ஒன்றுக்கு அப்புறம் எல்லாமே "நெறைய".

"நிறத்தை வச்சுத்தாங்க்கா எண்ணைப் பழக்கணும்" என்றார் டீச்சர். "ஆளுக்கொரு படம் வேண்டாம். அம்புட்டுப் பேரும் சேர்ந்து ஒரே படம் போடணும். ஒருத்தர் தன் பங்கை விட்டா, அந்த இடம் ஓட்டையாத் தெரியணும். அப்பத்தான் எண்ணுறதுல பிள்ளைகளுக்கு அக்கறை வரும்."

அப்படித்தான் ரயில் வந்தது. காலையில் டீச்சர் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இருபத்திரண்டு கட்டங்கள் வரைவார். ஆளுக்கு ஒரு கட்டம், அதுதான் அவரவர் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை, மூன்று மஞ்சள், நான்கு கறுப்பு. சிவப்பு என்பது பெட்டியின் விளக்கு. எல்லாரும் சரியாக வைத்து முடித்ததும் டீச்சர் வாயால் விசில் ஊதுவார். ஒரு பெட்டி குறைந்தாலும் ரயில் புறப்படாது.

முதலில் கலர் கோலப்பொடியில்தான் செய்தோம். முதல் நாளே பாண்டி நாக்கெல்லாம் மஞ்சளாக வந்து நின்றான். இன்னொரு பிள்ளை பொடிக் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு அழுதது. டீச்சர் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"நிறத்துக்கு நானாச்சு டீச்சர்" என்றேன். "பொடியெல்லாம் நமக்கு எதுக்கு?"

வெள்ளைக்கு மொச்சை, மஞ்சளுக்கு மக்காச்சோளம், கறுப்புக்குப் புளியங்கொட்டை. இவை வீட்டிலேயே இருந்தன. சிவப்புக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போனேன். அங்கேதான் என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருந்தது. சமணர் மலைக்குக் கீழே அவர்கள் வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்து, காய்கள் வெடித்துச் சிவப்பு சிவப்பாகத் தொங்கும். ஒரு சிரட்டை நிறையப் பறித்து வந்தேன்.

டீச்சர் அதற்கு முன் குன்றிமணியைப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, யாரோ வர்ணம் அடிச்சுக் கறுப்புப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு."

"குண்டுமணி டீச்சர். டவுன்காரவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

சிரித்தார். சிரித்துவிட்டு, "பிள்ளைங்க வாயில போட்டா ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டார்.

"நாங்க இதுலயே உருண்டு வளந்தவுக டீச்சர். ஒண்ணும் செய்யாது."

இதுதான் நான் எடுக்க விடாத இடம்.

நாங்கள் குன்றிமணியில் விளையாடி வளர்ந்தது நிஜம். ஆனால் விளையாடும்போதெல்லாம் எங்கள் ஆத்தா அடுப்படியில் இருந்தபடியே "கடிச்சிராதீக" என்று ஒரு குரல் கொடுக்கும். அதை அரைத்து வைத்து மாட்டைக் கொன்றார்கள் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. முழுதாக இருந்தால் பாதகமில்லை, ஓடு உடைந்தால் விஷம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. படித்த பெண்ணுக்குத் தெரியாத ஒன்று என் கையில் இருந்தது. அந்தப் பெருமையில், தெரிந்ததில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். அப்போது உங்கள் நாக்கில் என்ன ருசி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மனசு உறுத்தியதால் நானே ஒரு காவல் வைத்துக்கொண்டேன். மற்ற கொட்டைகளைப் பிள்ளைகள் கூடையிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ளலாம். சிவப்பை மட்டும் நான்தான் சிரட்டையிலிருந்து ஆளுக்கு ஒன்றாக எண்ணிக் கொடுப்பேன். ரயில் புறப்பட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் அதைக் கொண்டுவந்து சிரட்டையில் போட வேண்டும். போட்டதை எண்ணிப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. இருபத்திரண்டு போகும், இருபத்திரண்டு வரும். மிச்சக் குன்றிமணி என் வீட்டு மாடத்தில் கிடந்தது.

இரண்டு மாதம் ரயில் நன்றாக ஓடியது. பிள்ளைகளுக்கு எண் வந்துவிட்டது. வரிசையில் ஒரு பெட்டியில் வெள்ளை ஒன்று குறைந்தால் பாண்டி தூரத்திலிருந்தே, "ஆயா, அந்தப் பெட்டிக்குப் பல்லு விழுந்துருச்சு" என்பான். "நெறைய" என்ற சொல் அவன் வாயிலிருந்து போயே போய்விட்டது. எனக்கு அவ்வளவு பெருமை. குன்றிமணி கொண்டுவந்தது நான்தானே என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரயில் புறப்பட்டு முடிந்து, பிள்ளைகள் சிவப்பைப் போட்டுவிட்டுக் கை கழுவ ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று. தரையில் குனிந்து தேடினேன். பாய்களை உதறினேன். வாசற்படி இடுக்கில் துடைப்பக் குச்சியை விட்டு இழுத்துப் பார்த்தேன். இல்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார்.

"குண்டுமணிய யாரு வாயில போட்டது? சொன்னா அடிக்க மாட்டேன்."

பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு முழுங்குனது? சொல்றவுங்களுக்கு ஒரு வெல்லக்கட்டி தாரேன்."

பாண்டி கையைத் தூக்கினான். "நான் முழுங்கிட்டேன் டீச்சர்."

"நானும்" என்றது பக்கத்துப் பிள்ளை.

"நானும் டீச்சர்."

மொத்தம் ஏழு கைகள். பாண்டி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தான் பின்தங்கிவிடக் கூடாது என்று, "நான் ரெண்டு முழுங்கினேன்" என்றான்.

நான் டீச்சரை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"டீச்சர், அது கடிச்சா விஷம்."

அவர் என்னையே பார்த்தார். "அன்னைக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். பெறகு என்னை என்ன வேணாலும் கேளுங்க. இப்ப பிள்ளையப் பாப்போம்."

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை உலுக்கியிருக்கலாம். அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பின்னால் நான் பார்த்த எத்தனையோ அதிகாரிகளில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

"ஏழு பேரையும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

"தூக்கிட்டுப் போனப்புறம், அந்த ஏழுல அது இல்லைன்னா? கையத் தூக்காம உக்காந்திருக்க பிள்ளைகிட்ட இருந்தா? காணாமப் போனது ஒண்ணு டீச்சர். இவன் ஒருத்தனே ரெண்டு முழுங்குனேங்கிறான்."

அவர் யோசித்தார். சூளைக்கு ஓடினால் கல் லாரி கிடைக்கும். போய்க் கூட்டி வரக் கால் மணி நேரம் ஆகலாம்.

"நீங்க போயி வண்டியக் கூட்டியாங்க" என்றேன். "வண்டி வாரதுக்குள்ள எந்தப் பிள்ளைன்னு சொல்லிருவேன். சொல்ல முடியலைன்னா இருபத்திரண்டையும் ஏத்திருவோம்."

டீச்சர் செருப்பை மாட்டாமல் ஓடினார்.

உள்ளே வந்தேன். பிள்ளைகள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் முகம் எப்படியோ அப்படித்தான் அவர்கள் பதிலும் இருக்கும். நாம் பயந்தால் அவர்களும் பயப்படுவார்கள். வெல்லம் காட்டினால் வெல்லத்துக்குப் பதில் சொல்வார்கள். "யார்" என்று கேட்டதுதான் தப்பு என்று எனக்கு அப்போது பட்டது. யார் என்று கேட்டால் அது நல்லவன் கெட்டவன் பேச்சாகிவிடும். பாண்டிக்கு முதல் ஆளாக இருக்க ஆசை. இன்னொரு பிள்ளைக்கு வாயைத் திறக்கவே பயம். அவர்களிடம் பொய்யே வராத இடம் ஒன்றுதான் இருந்தது. அது ரயில்.

"ரயிலு இன்னொரு தடவை போகப்போகுது" என்றேன். "அம்புட்டுப் பேரும் அவுகவுக பெட்டிக்குப் போங்க."

போனார்கள். வெள்ளை இரண்டு, மஞ்சள் மூன்று, கறுப்பு நான்கு. கைகள் தாமாகவே வேலை செய்தன. நான் சிரட்டையை அறை நடுவில் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"இன்னைக்கு ஆயா சிவப்பு தரமாட்டேன். நீங்க உங்க சிவப்ப எங்க வச்சீங்களோ, அங்க இருந்து நீங்களே எடுத்துட்டு வந்து பெட்டியில வைங்க."

பிள்ளைகள் எழுந்து சிரட்டைக்கு ஓடி வந்தார்கள். பாண்டிதான் முதலில் வந்தான். விழுங்கிவிட்டேன் என்று சொன்ன அத்தனை பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் விளக்காக வைத்தார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபத்தொன்று போனதும் சிரட்டை காலி.

ஒரே ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. முத்துப்பேச்சி. மூன்றரை வயது, பேச்சு குறைவு. அவள் பெட்டியில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு எல்லாம் சரியாக இருந்தன. சிவப்புக்கு இடம் விட்டிருந்தாள். இடது காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனாத்தா நீ எடுக்க வரல?"

"என்னோடது அதுல இல்ல."

"எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு. வரமாட்டேங்குது."

காதில்தான் இருக்கிறது. வாயில் இல்லை.

"உள்ள ஏன் வச்ச?"

"டீச்சர் காதுல இருக்குல்ல" என்றாள். டீச்சர் போட்டிருந்தது ஒற்றைச் சிவப்புக்கல் தோடு. முத்துப்பேச்சிக்கு அப்போது காதுகூடக் குத்தவில்லை.

இப்போதுதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். என் கொண்டையில் ஊசி இருந்தது. காதை வெளிச்சத்துக்குத் திருப்பினால் சிவப்பு ஓரம் தெரிந்தது. ஊசி வளைவை உள்ளே விட்டு நெம்பினால் வந்துவிடும் போல இருந்தது. கை கொண்டைக்குப் போய்விட்டது. நெம்பும்போது ஓடு கீறினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஊசியைத் தொடாமல் கையை இறக்கினேன். அவளுடைய விரலையும் காதிலிருந்து எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால், அந்தக் கையை இறக்கியதைத்தான் சொல்வேன்.

மற்ற பிள்ளைகளைச் சிவப்பைத் திரும்பப் போடச் சொல்லி, இருபத்தொன்றையும் எண்ணி என் முந்தியில் முடிந்துகொண்டேன். லாரி சத்தம் கேட்டது. டீச்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் கல் ஏற்றுகிற பெண்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி முத்துப்பேச்சியின் அம்மா. எந்தப் பிள்ளை என்று தெரியாமலே அவளும் ஏறி வந்திருந்தாள். என் இடுப்பில் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எம்மகளா?"

"காதுல இருக்கு. முழுங்கல. உசுரோட, முழுசா இருக்கா பாரு."

"காதுலதான? எண்ணெயக் காச்சி ஊத்துனா மெதந்து வந்துரும்க்கா. எண்ணெய் இருக்கா?"

"ஒண்ணும் ஊத்தக் கூடாது. ஊறுனா உடையும். ஏறு வண்டியில."

டீச்சர் பிள்ளைகளோடு நின்றார். நான் போவது என்று முடிவு. அந்தக் கொட்டை என்ன என்று டாக்டரிடம் சொல்ல நான் வேண்டும். டிரைவர் வாலிபப் பையன். முகத்தைச் சுளித்தான்.

"ஒரு கொட்டைக்கா அக்கா இம்புட்டு அவசரம்? செங்கச் சூளையில இவுக கையில காலுல கல்லு விழுந்தாக்கூட யாரும் வண்டி கேட்டதில்ல."

"வண்டிய எடு தம்பி" என்றாள் முத்துப்பேச்சி அம்மா. "பேச்சு பெறகு பேசலாம்."

சிம்மக்கல்லில் மாட்டிக்கொண்டோம். வெங்காய வண்டிகள் குறுக்கே நின்றன. பின்னால் டவுன் பஸ். டிரைவர் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்தான். முத்துப்பேச்சி அம்மா கதவைத் திறந்து படியில் ஏறி நின்றுகொண்டு, வெங்காய வண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, புள்ளைக்கு ஆஸ்பத்திரிண்ணே. வண்டியத் திருப்புறியா, நான் எறங்கி வந்து தள்ளட்டுமா?"

"நீ தள்ளிருவியா?"

"தெனம் ஆயிரம் கல்லு தூக்குறேன். உன் வண்டி எம்மாத்திரம்."

அவர் சிரித்தபடியே மாட்டை இழுத்து வண்டியைத் திருப்பினார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை. பாலத்தில் ஏறும்போது முத்துப்பேச்சி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அது விஷக்கொட்டைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பிள்ளைக கையில குடுத்தேன்."

பாலம் முடிகிற வரை அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதை விளக்கு வைத்துப் பார்த்தார்.

"எதையாவது விட்டுக் குத்துனீங்களா?"

"இல்லைங்க."

"எண்ணெய், தண்ணி?"

"ஒண்ணும் ஊத்தல."

"என்ன கொட்டை?"

சொன்னேன். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வாயில எதுவும் போடலைன்னு நிச்சயமாத் தெரியுமா? ஒண்ணு காதுல, ஒண்ணு வாயிலன்னு இருந்தா?"

முந்தியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். "குடுத்தது இருபத்திரண்டு. இதுல இருபத்தொண்ணு இருக்குங்க. நீங்க எடுக்கப் போறதோட சரியாப் போகும்."

அவர் மறுபடி குனிந்தார். மெல்லிய கொக்கி ஒன்றை உள்ளே விட்டார். முத்துப்பேச்சி அம்மா மகளின் தலையை மாரோடு அழுத்திப் பிடித்திருந்தாள். நான் கால் இரண்டையும் பிடித்திருந்தேன். அந்தப் பிள்ளை அழவே இல்லை. "வருதா, வருதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

டாக்டரம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறல்கூட இல்ல" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அது என் கண்ணில் படவில்லை. அதன் பிறகு டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் எனக்குப் பாலாக இறங்கியது. பிள்ளை பிழைத்த பிறகு வாங்குகிற திட்டு எவ்வளவு சுகம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். தெரியாமலே இருங்கள்.

திரும்பும்போது டவுன் பஸ். முத்துப்பேச்சி என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"தெனமும் எண்ணுவியாக்கா?"

"தெனமும்."

"சோறு போடுறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"எண்ணாம இருந்திருந்தா?"

"தெரிஞ்சிருக்காது."

"ம்" என்றாள். அவ்வளவுதான். என்னை மன்னித்தாளா என்று அந்த "ம்" சொல்லவில்லை.

பால்வாடி வாசலில் டீச்சர் செருப்பில்லாமல் அப்படியே நின்றார். தாய்மார்கள் வந்து கேட்டபோது என்ன நடந்தது என்று எல்லாரிடமும் அவரே சொல்லியிருந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் என் பெயரைத் தனியாக இழுக்கவில்லை. "நாங்க தப்பு பண்ணிட்டோம்" என்றே சொல்லியிருக்கிறார். பாண்டி ஓடி வந்து முத்துப்பேச்சியின் காதைத் திருப்பிப் பார்த்தான்.

"காது இருக்கு ஆயா" என்று எல்லாருக்கும் அறிவித்தான்.

இருபத்திரண்டு குன்றிமணியையும் என்ன செய்வது என்று நான் முழித்தேன். மண்ணில் போட்டால் முளைக்கும். முத்துப்பேச்சி அம்மா கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடுக்கா. சூளை எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு." நானும் கூடவே போனேன். சூளை வாயில் நின்று, "எண்ணிக் குடு" என்றாள். எண்ணி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உள்ளே எறிந்தாள். அன்று சாயங்காலமே வீட்டு மாடத்தில் இருந்த மிச்சத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அடுத்த நாள் முத்துப்பேச்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீச்சர் தரையில் கட்டம் போடவில்லை. பிள்ளைகள் ரயில் எங்கே என்று கேட்டார்கள். இன்று ரயிலுக்கு லீவு என்று சொன்னோம். "நான் நின்னுக்கிறேன் டீச்சர், வேற ஆளப் பாருங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "எண்ணுறதுக்கு யாரு இருக்கா?" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் முத்துப்பேச்சி அம்மா வந்தாள். ஒரு கையில் மகள், தலையில் சும்மாட்டின் மேல் கூடை. கூடையை இறக்கி என் முன்னால் வைத்தாள். உடைந்த செங்கல் துண்டுகள். ஒவ்வொன்றும் குழந்தை உள்ளங்கை அளவு. கூர் தெரியாமல் கல்லில் தேய்த்து உருட்டியிருந்தாள். இரண்டு நாளாக அதைத்தான் உட்கார்ந்து செய்திருக்கிறாள்.

"சிவப்பு வேணும்ல?" என்றாள். "இது எந்த வாய்க்குள்ளயும் போகாது. எந்தக் காதுக்குள்ளயும் போகாது. எண்ணிக்கக்கா."

எண்ணினேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டாவது தடவையும் எண்ண வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வந்தது.

"ஒண்ணு கூட இருக்கே."

"அது உனக்கு. நீயும் ஒரு பெட்டி போடு. நீ மட்டும் நின்னுக்கிட்டே இருக்கியாம்ல, இவ சொல்றா."

டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து இருபத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். முழங்காலை மடித்து உட்கார்ந்தேன். பாண்டி என் பக்கத்தில் நின்று, நான் வெள்ளை இரண்டு வைக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துப்பேச்சி தன் செங்கல் துண்டைக் கையில் வாங்கினாள். முதலில் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். போகவில்லை. பிறகு பெட்டியில் வைத்தாள். டீச்சர் விசில் ஊதினார்.